‘தூய தணிக்கை’ கிடைத்தால் குழாயில் தண்ணீர் வருமா?

தென்னாப்பிரிக்காவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆண்டுதோறும் நகராட்சிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டதும் டர்பன் பக்கத்தில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். ஆளும் கட்சிக்காரர், "எங்களுக்குத் தூய தணிக்கை கிடைத்துவிட்டது, இனி ஊழல் என்று யாரும் வாயைத் திறக்கக்கூடாது" என்று மார்தட்டுவார். எதிர்க்கட்சிக்காரர், "விதிமீறிய செலவு இத்தனை நூறு கோடி ரேண்ட்" என்ற ஒரே வரியை வெட்டியெடுத்து, அத்தனையும் திருடப்பட்டுவிட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவார். டர்பனில் நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இந்த இரண்டு பேச்சையும் ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்கலாம்.

இரண்டு பேருமே தணிக்கை சொல்லாததைத் தணிக்கையின் வாயில் போடுகிறார்கள். கணக்குத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும்படி அது உண்மையில் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

கோயில் சங்கத்துக் கணக்கு

ஒரு கோயில் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற உறுப்பினர்களிடம் 60,000 ரேண்ட் திரட்டுகிறார்கள். பொதுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்கு வாசிக்கிறார். சங்கத்தில் பதவி எதுவும் இல்லாத ஒருவர் அந்தக் கணக்கைச் சரிபார்க்கிறார். அவர் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

முதலாவது: இந்த ஏடு உண்மை சொல்கிறதா? வசூலான தொகை முழுதும் எழுதப்பட்டிருக்கிறதா, செலவுக்குச் சீட்டு இருக்கிறதா, வங்கியில் உள்ள மீதி ஏட்டோடு ஒத்துப்போகிறதா? இதற்கு நிதித் தணிக்கை என்று பெயர்.

இரண்டாவது: விதிப்படி செலவழித்தார்களா? 10,000 ரேண்டுக்கு மேல் எதை வாங்கினாலும் மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும் என்று சங்கத்து விதி இருக்கிறது. பொருளாளரோ யாரையும் கேட்காமல் தன் மைத்துனர் கடையிலேயே அண்டாக்களை வாங்கிவிட்டார். இப்படிப்பட்டதைப் பிடிப்பது இணக்கத் தணிக்கை.

மூன்றாவது: செலவுக்கு ஏற்ற பயன் கிடைத்ததா? அண்டா நான்கு வாங்கினார்கள், அடுப்பில் ஏறியது இரண்டு. பாதிக் கூழ் மீந்து கொட்டப்பட்டது. தூரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த வயதானவர்களுக்குக் கிண்ணம் போய்ச் சேரவில்லை. இதைக் கேட்பது செயல்திறன் தணிக்கை. இதற்குள் மூன்று கூறுகள் உண்டு. தேவையான தரத்தில் நியாயமான விலைக்கு வாங்கினோமா என்பது சிக்கனம். வாங்கியதை வீணாக்காமல் பயன்படுத்தினோமா என்பது திறன். எதற்காகச் செய்தோமோ அது நடந்ததா என்பது பயன். மூன்றும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை. நல்ல அண்டாவை நியாயமான விலைக்கே வாங்கியும் கூழ் வயதானவர்களுக்குப் போய்ச் சேராவிட்டால் சிக்கனம் வென்றது, பயன் தோற்றது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த மூன்று கேள்விகளுக்கும் மூன்று வேறு விடைகள் வரலாம். மைத்துனர் கடையில் விலை உண்மையிலேயே குறைவாக இருந்திருக்கலாம். அப்போது விதி மீறப்பட்டது, பணம் வீணாகவில்லை. மூன்று விலைப்புள்ளிகளையும் ஒழுங்காக வாங்கி, சீட்டுகளையெல்லாம் கோப்பில் அடுக்கி, யாருக்கும் பயன்படாத பொருளை வாங்கியிருக்கலாம். அப்போது ஏடு சுத்தம், விதி சுத்தம், ஊருக்கு நட்டம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கணக்கு உண்மையா, விதி காக்கப்பட்டதா, பயன் கிடைத்ததா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். அறிக்கை வெளியாகும் வாரத்தில் ஊர் குழம்புவது பெரும்பாலும் இவற்றைக் கலந்துவிடுவதால்தான்.

பொருளாளர் விரட்ட முடியாத தணிக்கையாளர்

பொருளாளரின் தம்பியே தணிக்கையாளர் என்றால் மூன்று கேள்விகளும் வெறும் சடங்கு. நாடு என்ற அளவில் இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் அரசமைப்புச் சட்டம் மெனக்கெடுகிறது. 1996 அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அத்தியாயம், மக்களாட்சியைத் தாங்கும் அமைப்புகள் என்று சிலவற்றைப் பட்டியலிடுகிறது. மக்கள் பாதுகாவலர், மனித உரிமை ஆணையம், தேர்தல் ஆணையம் ஆகியவற்றோடு தலைமைக் கணக்குத் தணிக்கையாளரும் அதில் இருக்கிறார். தேசிய, மாகாண அரசுத் துறைகள், எல்லா நகராட்சிகள் ஆகியவற்றின் கணக்கைத் தணிக்கை செய்து அறிக்கை தருவது அவர் கடமை. அந்த அறிக்கை பொதுமக்களுக்கு வெளியிடப்பட வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது.

சுதந்திரம் என்பது அழகான சொல்லாக மட்டும் நின்றுவிடாமல் இருக்கச் சில பூட்டுகள் போடப்பட்டிருக்கின்றன. அவரைக் குடியரசுத் தலைவர் நியமித்தாலும் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடியாது. எல்லாக் கட்சிகளும் இருக்கும் குழு பெயரை முன்மொழிந்து, நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியப் பேரவை உறுப்பினர்களில் குறைந்தது 60 விழுக்காட்டினர் ஆதரிக்க வேண்டும். 400 பேர் கொண்ட அவையில் அது 240 பேர். நீக்குவதற்கோ மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அதுவும் தவறான நடத்தை, இயலாமை, திறமையின்மை ஆகிய காரணங்களுக்காக மட்டுமே. பதவிக்காலம் ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் நிர்ணயிக்கப்படும். இரண்டாம் முறை கிடையாது. அடுத்த நியமனத்துக்காக ஆட்சியாளரிடம் குழைந்து நிற்க வேண்டிய தேவையை இந்த ஒரே விதி ஒழித்துவிடுகிறது. பூட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

2020 டிசம்பர் 1 முதல் இந்தப் பதவியில் இருப்பவர் ட்சகானி மலுலேகே. 1911-இல் தொடங்கிய அலுவலகத்தில் இந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். தணிக்கை அலுவலகம் பெரும்பாலும் தான் தணிக்கை செய்யும் துறைகளிடமும் நகராட்சிகளிடமும் கட்டணம் வாங்கித்தான் நடக்கிறது. கேட்டவுடன் முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் கட்டணம் கொடுப்பவர் ஆளை மாற்ற முடியாது என்பதால் தனியார் நிறுவனங்களில் வரும் சிக்கல் இங்கே அவ்வளவாக வருவதில்லை. நிதியமைச்சர் ஒதுக்கீட்டைச் சுருக்கி அலுவலகத்தைப் பட்டினி போடுவதும் எளிதல்ல. தணிக்கைக் கட்டணம் ஒரு சிறிய நகராட்சியின் மொத்தச் செலவில் ஒரு விழுக்காட்டைத் தாண்டினால் மிச்சத்தைத் தேசியக் கருவூலம் ஏற்கச் சட்டம் வழி செய்கிறது.

எல்லா அரசு நிறுவனங்களையும் இந்த அலுவலகமே தணிக்கை செய்வதில்லை. சில பெரிய அரசு நிறுவனங்களின் கணக்கைத் தனியார் தணிக்கை நிறுவனங்கள் பார்க்க அனுமதி உண்டு. சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ் கதை இதற்குப் பாடம். தனியார் நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் குறையில்லை என்று கையெழுத்திட்ட அந்தக் கணக்கை 2016-17 நிதியாண்டில் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம் தன் கையில் எடுத்ததும் குறைகள் வெளிவரத் தொடங்கின.

தணிக்கையாளர் தரும் ஐந்து விடைகள்

நகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. ஆகஸ்ட் முடிவுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தணிக்கையாளர் மூன்று மாதத்தில், அதாவது நவம்பர் முடிவுக்குள், கருத்துச் சொல்ல வேண்டும்.

மோசமானதிலிருந்து தொடங்குகிறேன். ஆவணங்களே கிடைக்காததால் எதுவும் சொல்ல முடியாது என்றால் அது கருத்துத் தர மறுப்பு. ஐந்திலும் கடைசி இடம் இதற்குத்தான். கணக்கு மொத்தமாக நம்பத்தகாதது என்றால் எதிர்மறைக் கருத்து. சில பகுதிகள் தவிர மற்றவை சரி என்றால் விலக்குடன் கூடிய கருத்து. கணக்கில் பெரிய பிழை இல்லை, ஆனால் விதி மீறலோ செயல் அறிக்கையில் (எந்த இலக்கை எவ்வளவு எட்டினோம் என்று நகராட்சியே எழுதுவது) குறையோ இருக்கிறது என்றால் குறிப்புகளுடன் கூடிய குறையில்லாக் கருத்து. அந்தக் குறிப்புகளும் இல்லாவிட்டால்தான் எல்லோரும் பேசும் தூய தணிக்கை. 2023-24 நிதியாண்டில் 257 நகராட்சிகளில் 41 மட்டுமே அதைப் பெற்றன. எட்டுப் பெருநகராட்சிகளில் கேப் டவுன் ஒன்றுதான் அந்த 41-க்குள் வந்தது.

தூய தணிக்கை பெற மூன்று நிபந்தனைகள்: நிதி அறிக்கையில் பெரிய பிழை இருக்கக் கூடாது, முக்கிய விதிகளை மீறியிருக்கக் கூடாது, செயல் அறிக்கை நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். மூன்றாவதைக் கேட்டதும், அப்படியானால் பயனையும் பார்த்துவிட்டார்கள் என்று தோன்றும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நகராட்சி "இந்த ஆண்டு 500 தெருவிளக்குகளைச் சரிசெய்தோம்" என்று எழுதினால், அந்த 500 உண்மையா என்று தணிக்கையாளர் சரிபார்ப்பார். ஊரில் 5,000 விளக்குகள் எரியவில்லை என்றால் 500 போதுமா என்பது அவர் கருத்தை மாற்றாது. குறைந்த இலக்கு வைத்து, அதை எட்டி, உண்மையாக எழுதினாலும் தூய தணிக்கை கிடைக்கும்.

இன்னொன்று: தணிக்கையாளர் ஒவ்வொரு சீட்டையும் பார்ப்பதில்லை. மாதிரிகளை எடுத்துப் பார்க்கிறார். கணக்கை வாசிப்பவரின் முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிய பிழை இல்லை என்ற நியாயமான உறுதியைத்தான் தருகிறார். திருட்டே நடக்கவில்லை என்ற உத்தரவாதம் எந்தத் தணிக்கையிலும் கிடையாது.

ஆகவே, தூய தணிக்கை என்பது கணக்கை நம்பலாம், பெரிய விதிமீறல் கண்ணில் படவில்லை என்ற செய்தி. குழாயைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மூன்று வகைச் செலவு

இப்போது அந்த வாட்ஸ்அப் வரிக்கு வருவோம்.

சட்டவிதிகளைப் பின்பற்றாமல் செய்த செலவு விதிமீறிய செலவு. ஒப்பந்தப்புள்ளி கோராமல் ஒரு சாலை வேலையைக் கொடுத்தால், சாலை கண்ணாடிபோல் போடப்பட்டிருந்தாலும், விலை நியாயமாக இருந்தாலும், ஒப்பந்தத் தொகை முழுதும் இந்தக் கணக்கில் ஏறும். அதற்குள் திருட்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். விசாரித்தால்தான் தெரியும். தவிர, பழைய ஆண்டுகளின் தொகையும் தீர்க்கப்படாமல் சேர்ந்துகொண்டே வருவதுண்டு. ஆகவே பெரிய எண்ணைக் கண்டதும் அது இந்த ஆண்டுடையதா, மொத்தமாகக் குவிந்ததா என்று பார்க்க வேண்டும்.

கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய, எந்தப் பலனும் தராத செலவு வீண்செலவு. அரசு மின்நிறுவனமான எஸ்காமுக்கு மின்கட்டணத்தைக் காலத்தில் கட்டாமல் நகராட்சிகள் செலுத்தும் வட்டி இதற்கு நல்ல உதாரணம். அந்த வட்டியால் ஒரு விளக்குகூட எரியாது. என்னைக் கேட்டால், மக்கள் கோபப்பட வேண்டிய வரி இதுதான். ஆனால் எண் சிறியதாக இருப்பதால் யாரும் அதை வெட்டி அனுப்புவதில்லை.

மூன்றாவது அனுமதியில்லாச் செலவு. ஒதுக்கியதற்கு மேல் செலவழிப்பது, அல்லது ஒதுக்கிய நோக்கத்தை விட்டு வேறொன்றுக்குச் செலவழிப்பது.

யாரும் அதிகம் கேட்காத மூன்றாவது கேள்வி

2022-23-இல் டர்பனை ஆளும் எங்கள் எத்தெக்வினி மாநகராட்சி பெற்றது குறிப்புகளுடன் கூடிய குறையில்லாக் கருத்து. கணக்கு ஏட்டளவில் மோசமில்லை. அதே மாநகராட்சி வாங்கி வழங்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் வருவாய் தராமல் போகிறது. உடைந்த குழாய், திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. தண்ணீரை வாங்கிய செலவு ஏட்டில் சரியாக எழுதப்பட்டிருக்கிறது, இழப்பும் குறிப்பில் நேர்மையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. முதல் கேள்விக்கு அது போதும். சிக்கனம், திறன், பயன் என்று கேட்டால் நிலை வேறு.

லிம்போபோ மாகாணத்து ஜியானி தண்ணீர்த் திட்டம் இன்னும் கொடுமை. 2014-இல் அவசரத் திட்டமாகத் தொடங்கி, செலவு 300 கோடி ரேண்டைத் தாண்டிய பிறகும் பல கிராமங்கள் குழாயைத் திறந்து காற்றைத்தான் கண்டன.

2004 பொதுத் தணிக்கைச் சட்டம் இந்தக் கேள்வியை எப்படிக் கையாள்கிறது? வளங்கள் சிக்கனமாக வாங்கப்பட்டனவா, திறம்படவும் பயனுறவும் பயன்படுத்தப்பட்டனவா என்று தணிக்கையாளர் அறிக்கை தரலாம் என்கிறது. ‘வேண்டும்’ என்று எழுதவில்லை, ‘லாம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. நிதிக் கணக்கை ஆண்டுதோறும் பார்த்தே ஆக வேண்டும். செயல்திறன் தணிக்கையோ தேர்ந்தெடுத்த சில விஷயங்களில் மட்டும் நடக்கிறது. காரணமும் உண்டு. ஒரு சீட்டைச் சரிபார்க்கக் கணக்காளர் போதும். ஒரு நீர்சுத்திகரிப்பு நிலையம் கொடுத்த விலைக்குத் தகுமா என்று சொல்லப் பொறியாளர் வேண்டும், களப் பார்வை வேண்டும், மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும்.

இன்னோர் எல்லையும் இருக்கிறது. தண்ணீருக்கு முன் விளையாட்டரங்கம் கட்டலாமா என்பது அரசியல் முடிவு. அதில் தணிக்கையாளர் தலையிட மாட்டார், தலையிடவும் கூடாது. கட்டுவதென்று முடிவான பிறகு, அந்த அரங்கம் தகுந்த விலைக்கு, தகுந்த காலத்தில், சொன்ன நோக்கத்துக்குக் கட்டப்பட்டதா என்பதுதான் அவர் களம்.

வழக்கமான தணிக்கையில் உள்ள பெரிய குறை அதன் தாமதம். எல்லாம் முடிந்தபின் வருகிறது. 2020-இல் கோவிட் நிவாரணத்துக்கு 50,000 கோடி ரேண்ட் அறிவிக்கப்பட்டபோது, அப்போதைய தணிக்கையாளர் கிமி மக்வெத்து பணம் செலவாகிக் கொண்டிருக்கும்போதே தணிக்கை செய்தார். முகக்கவசம் போன்றவற்றை மிகை விலைக்கு வாங்கியது ஆண்டு முடியும் முன்பே வெளியே வந்தது. 2022 ஏப்ரலில் எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலைப் புரட்டிப்போட்ட வெள்ளத்துக்குப் பிறகும் அதே முறையில் நிவாரணப் பணம் தணிக்கை செய்யப்பட்டு, சில மாதங்களிலேயே பணிகள் மந்தமாக நடப்பதை அறிக்கை சுட்டியது. சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற, டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் மக்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது. ஆனாலும் வரிசையில் நிற்பவர் சொல்வதற்கும் அரசமைப்புச் சட்ட அமைப்பு எழுத்தில் சொல்வதற்கும் அதிகாரிகள் தரும் மரியாதை வேறு.

சுருக்கமாக: மக்கள் உண்மையில் கேட்க விரும்புவது மூன்றாவது கேள்வியை. தணிக்கை பெரும்பாலும் விடை சொல்வது முதலிரண்டுக்கு.

பல் முளைத்த கதை

நெடுங்காலம் தணிக்கையாளர் சொல்லிவிட்டுப் போவார், நகராட்சி கேட்டுவிட்டு மறந்துவிடும். அடுத்த ஆண்டு அதே குறை அதே சொற்களில் அச்சாகும். 2018-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெரும் நிதி இழப்பையோ பொதுமக்களுக்குப் பெருங்கேட்டையோ உண்டாக்கிய, அல்லது உண்டாக்கக்கூடிய விதிமீறலுக்குப் பாரதூரமான முறைகேடு என்று பெயர். அதைக் கண்டால் தணிக்கையாளர் முதலில் கணக்குப் பொறுப்பு அதிகாரிக்கு, அதாவது நகராட்சி மேலாளருக்கு, அறிவிப்பு அனுப்புவார். அவர் தக்க நடவடிக்கை எடுக்காவிட்டால் பரிந்துரை, அதையும் மதிக்காவிட்டால் கட்டாய உத்தரவு என்று போகும். அதற்கும் அசையாமல் நிதி இழப்பு ஏற்பட்டிருந்தால், அந்த அதிகாரி தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்ற கடன் சான்றுவரை போகலாம். விசாரணை அமைப்புகளிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு. கைது செய்வதோ வழக்கு நடத்துவதோ தணிக்கையாளர் வேலையில்லை. அது காவல்துறைக்கும் சிறப்புப் புலனாய்வுப் பிரிவுக்கும் உரியது.

சீட்டுகளைக் கேட்பது சில இடங்களில் உயிர் ஆபத்தான வேலை. 2018-இல் எத்தெக்வினியில் தணிக்கை செய்துகொண்டிருந்த குழுவுக்குக் கொலை மிரட்டல் வந்து, அலுவலகம் தன் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 2021 ஆகஸ்ட் 23 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் தம் வீட்டின் முன் சுட்டுக் கொல்லப்பட்ட பபிதா தியோகரனை நம்மில் பலரும் மறந்திருக்க மாட்டோம். அவர் தணிக்கையாளர் அல்லர். கௌட்டெங் மாகாணச் சுகாதாரத் துறையில் நிதிக் கணக்குகளைக் கவனித்த உயர் அதிகாரி. டெம்பிசா மருத்துவமனையின் சந்தேகத்துக்குரிய கொடுப்பனவுகளைச் சுட்டிக்காட்டியவர். முழு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டிய அப்போதைய 5 லட்சம் ரேண்ட் வரம்புக்குச் சற்றே கீழே வரும்படி கொள்முதல்கள் உடைக்கப்பட்டிருந்தன. தாள் அளவில் பார்த்தால் வரம்பு மீறப்படவில்லை. இப்படிப்பட்டதை வெளியிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை வருபவரைவிட உள்ளே இருந்து தினமும் பார்ப்பவரே முதலில் பிடிப்பார். அவரைக் கொன்ற வழக்கில் 2023-இல் ஆறு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். அந்த மருத்துவமனையில் நடந்த மோசடி 200 கோடி ரேண்டுக்கு மேல் என்று சிறப்புப் புலனாய்வுப் பிரிவு 2025-இல் சொன்னது.

உங்கள் நகராட்சியின் அறிக்கையைப் படிக்க

தணிக்கை அறிக்கை நகராட்சியின் ஆண்டறிக்கைக்குள்ளேயே அச்சாகும். ஆண்டறிக்கையை ஜனவரி முடிவுக்குள் நகராட்சி மன்றத்தில் வைக்க வேண்டும். முதல் பக்கத்துக் கருத்தோடு நிறுத்தாமல், பின்னால் வரும் குறிப்புகளைப் படியுங்கள். தண்ணீர், மின்சார இழப்பு எவ்வளவு என்று இருக்கும். வீண்செலவு சென்ற ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று இருக்கும். விதிமீறிய செலவில் எவ்வளவு விசாரிக்கப்பட்டது, எவ்வளவு வசூலானது, எவ்வளவைத் தள்ளுபடி செய்தார்கள் என்பதும் அங்கேதான். விசாரித்துத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு. மேயரின் கட்சிக்கே அங்கே பெரும்பான்மை என்றால் தள்ளுபடிப் பட்டியலை இருமுறை படிப்பது நல்லது.

ஆண்டறிக்கையைப் பற்றி விவாதிக்கும் மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று 2003 நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம் சொல்கிறது. உள்ளூர் மக்கள் தங்கள் கருத்தை முன்வைக்க நேரம் ஒதுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தணிக்கையாளரின் பிரதிநிதி அங்கே வந்து பேச உரிமை உடையவர். நகராட்சி மேலாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும் அந்தக் கூட்டத்தில் தெருவிளக்கைப் பற்றியும் கேட்கலாம்: எத்தனை எரியவில்லை, எத்தனை இலக்கு வைத்தீர்கள், ஒரு விளக்குக்கு எவ்வளவு செலவானது?